‘லைட்டு வேலைதானா?’

மாணவர்கள் கூடி ஒரு கார் கட்டுவதென்று முடிவானால், வேலையைப் பங்கிடும் முதல் கூட்டத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். மோட்டாருக்கு நாலைந்து பேர் கை தூக்குவார்கள். உடற்கூட்டை வடிவமைக்கவும் அதே போட்டி. பிரேக், ஸ்டியரிங் என்றால்கூட ஆள் கிடைத்துவிடும். கடைசியில் வெள்ளைப் பலகையில் ஒரு வரி மட்டும் பெயரில்லாமல் நிற்கும். அதுதான் விளக்கு. அந்தக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர் தலையில் அது விழும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டறையில் அப்படி விளக்கு விழுந்த ஒரு தங்கையைச் சந்தித்தேன். மின்னியல் படிக்கிறார், இரண்டாம் ஆண்டு. என் இரவு நிகழ்ச்சிக்கு நள்ளிரவு தாண்டி அழைத்து, “அக்கா, பட்டறையில ஆறு பேர் முழிச்சுக்கிட்டு இருக்கோம், தூக்கம் வராத மாதிரி ஒரு பாட்டு போடுங்க” என்று கேட்டவர். அந்த நேரத்தில் பட்டறையில் என்ன வேலை என்று கேட்டேன். “கார் ஹெட்லைட் செய்யுறோம்க்கா” என்றார். ஹெட்லைட்டைக் கடையில் வாங்கலாம், அதைச் செய்வார்களா என்று எனக்கு வியப்பு. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு முறை போனது மூன்று முறை ஆகிவிட்டது.

அவர்கள் கட்டுவது ஷெல் இக்கோ-மாரத்தான் போட்டியின் விதிப்படியான கார். இந்தப் போட்டியில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. ஒரு லிட்டர் எரிபொருளில், அல்லது ஒரு யூனிட் மின்சாரத்தில் யாருடைய வண்டி அதிக தூரம் போகிறது என்பதுதான் கணக்கு. 1939-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல் ஆய்வாளர்கள் சிலர் தங்களுக்குள் கட்டிய பந்தயத்தில் தொடங்கிய கதை இது. ஆசிய அளவிலான போட்டி முதன்முதலாக 2010-இல் நம் செப்பாங் பந்தயத் தடத்தில் நடந்தது. பிறகு மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய், 2019-இல் மறுபடி செப்பாங்குக்கு வந்தது.

போட்டியில் இரண்டு பிரிவுகள். ஒன்று புரோட்டோடைப். ஓட்டுநர் படுத்துக்கொண்டு ஓட்டும், மீன் போன்ற வண்டி. அதற்கு முன்விளக்கு கேட்கமாட்டார்கள். மற்றது அர்பன் கான்செப்ட். நான்கு சக்கரம், கதவு, மழை துடைப்பான், பெட்டி வைக்க இடம் என்று பார்ப்பதற்கும் சாலைக் கார் போலவே இருக்க வேண்டும். ஓட்டுநரைச் சேர்க்காமல் எடை 225 கிலோவுக்குள் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு ஹெட்லைட், முன்னும் பின்னும் சிக்னல், பின்பக்கம் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் கட்டாயம். ஒவ்வொரு ஹெட்லைட்டின் மையமும் காரின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில், குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பச் சோதனையில் இவை எல்லாம் தேறினால்தான் கார் தடத்தில் இறங்கும். மோட்டார் எவ்வளவு அருமையாக இருந்தாலும், விளக்கு எரியாவிட்டால் வாசலோடு சரி.

டார்ச் லைட் போதாதா?

இந்த இடத்தில்தான் குழுவுக்குள் சண்டை தொடங்கியது. குழுத் தலைவர் ஒரு சீனத் தம்பி, கணக்கில் புலி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போட்டி பகலில் நடக்கிறது. கார் ஓடுவது மணிக்குச் சராசரியாக 25 கிலோமீட்டர். சோதிப்பவர் பார்ப்பது விளக்கு இருக்கிறதா, சரியான இடத்தில் இருக்கிறதா, எரிகிறதா என்பதைத்தான். இரண்டு நல்ல டார்ச் லைட்டை வாங்கி உள்ளே ஒட்டினால் முடிந்தது. மிச்சமாகும் ஒவ்வொரு கிராமும் நமக்கு லாபம்.

நம் தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. “அர்பன்னா நகரம்னு அர்த்தம். நகரத்துல எதிர்ல ஆள் வருவாங்களே? அவங்க கண்ணைக் குத்துற கார் எப்படி நகரத்துக் கார் ஆகும்?” என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு தலைவர் ஒரு கணக்குக் கொடுத்தார். இரண்டு விளக்கும் சேர்த்து ஒரு கிலோவுக்குள், 20 வாட்டுக்குள், 300 ரிங்கிட்டுக்குள். அவகாசம் ஐந்து வாரம். முடியாவிட்டால் டார்ச் லைட்.

மாணவர் கார் நகரத்தில் ஓடப்போகிறதா என்று சிரிக்க வேண்டாம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்டெல்லா என்ற பெயரில் நான்கு பேர் உட்காரும் சூரியசக்திக் காரைக் கட்டினார்கள். 2013-இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓடிய போட்டியில் குடும்பக் கார் பிரிவில் வென்றது அது. சாலையில் ஓட்ட அனுமதியும் எண்பலகையும் பெற்ற கார். அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் பிறகு சொந்தமாகக் கார் நிறுவனமே தொடங்கினார்கள். பக்கத்தில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2015-இல் முப்பரிமாண அச்சில் வார்த்த பாகங்களைக் கொண்டு உடற்கூடு கட்டிய மின்காரை அர்பன் கான்செப்ட் பிரிவுக்கே கொண்டுபோனார்கள். விளையாட்டாகத் தொடங்குவது விளையாட்டாகவே முடிந்துவிடுவதில்லை.

பழைய விளக்கின் வயிற்றில்

முதல் வேலையாக அவர் ‘ஹாஃப் கட்’ விற்கும் கடைக்குப் போய், உடைந்த கார் ஒன்றின் ஹெட்லைட்டை 20 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்திருந்தார். அதைப் பிரித்து மேசையில் பரப்பி எனக்குப் பாடம் நடத்தினார். கார் விளக்கு என்றால் பல்பும் கண்ணாடியும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் புதுப் பள்ளிக்கூடம்.

நாம் அதிகம் பார்த்திருக்கும் எச்4 ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று ஹை பீம், ஒன்று லோ பீம். லோ பீம் இழைக்குக் கீழே மட்டும் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு. இழையின் வெளிச்சம் பின்னாலிருக்கும் குழிந்த கண்ணாடியின் கீழ்ப்பாதியில் விழாதபடி அது மறைக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்? கீழ்ப்பாதியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மேல்நோக்கிப் போகும். மேல்நோக்கிப் போவது எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். ஆகவே கிடைக்கிற வெளிச்சத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே தடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தகட்டின் ஒரு ஓரம் சற்றுச் சரிவாக வெட்டியிருக்கும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிர் வண்டி வருவது வலப்பக்கம். எனவே வலப்பக்கம் வெளிச்சம் தாழ்ந்தும், சாலையோரம் நடப்பவரும் பெயர்ப்பலகையும் தெரியும்படி இடப்பக்கம் கொஞ்சம் ஏறியும் விழ வேண்டும். சுவரில் அடித்துப் பார்த்தால் ஒரு படி ஏறுவது போலக் கோடு தெரியும். இந்தக் கோடுதான் ஒரு ஹெட்லைட்டின் தரம்.

“எவ்வளவு பிரகாசம்னு எல்லாரும் கேக்கறாங்கக்கா. எங்க நிக்குதுன்னு யாரும் கேக்கறதில்ல” என்றார்.

பிரகாசம் இன்று பெரிய கஷ்டமே இல்லை. எச்4 பல்பின் லோ பீம் 55 வாட் எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 1,000 லூமன் வெளிச்சம் தருகிறது. அதே 1,000 லூமனை நல்ல எல்இடி 10 வாட்டில் தந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 20 வாட். தலைவர் போட்ட கணக்குக்குச் சரியாக அடங்குகிறது.

கண் வாங்கியது, இமை செய்தது

எல்லாவற்றையும் தானே செய்வது என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். குழிந்த ரிப்ளெக்டரை முப்பரிமாண அச்சில் வார்த்து, வெள்ளிப் பூச்சு அடித்துப் பார்த்தார். அச்சு இயந்திரம் நூல் நூலாக அடுக்கி வார்ப்பதால் பரப்பில் நுண்ணிய வரிகள் விழும். எவ்வளவு தேய்த்தாலும் ஒரு கண்ணாடியின் வழவழப்பு வராது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிச் சுவரில் பால் கொட்டியது போலத் தெரிந்தது. ஒரு வாரம் போனது.

ஆகவே ஒளியைக் குவிக்கும் பகுதியை வாங்குவது, மற்றதைச் செய்வது என்று முடிவு. இணையத்தில் மலிவாகக் கிடைத்த சிறிய எல்இடி புரொஜெக்டர் ஒரு ஜோடி வந்தது. புரொஜெக்டர் என்பது முட்டை வடிவக் கண்ணாடி, நடுவில் மறைப்புத் தகடு, முன்னால் தடித்த லென்ஸ் மூன்றும் சேர்ந்தது. எரிய விட்டுச் சுவரைப் பார்த்தால், கோடு அழகாக விழுந்தது. ஆனால் படி ஏறியது வலப்பக்கம்! வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த பொருள் அது. நம் சாலையில் மாட்டினால் எதிர்க் காரின் கண்ணாடியில் நேராகப் போய் விழும். விற்றவர் எதையும் சொல்லவில்லை.

திருப்பி அனுப்ப நேரமில்லை. தங்கை புரொஜெக்டரைப் பிரித்து, உள்ளே இருந்த மறைப்புத் தகட்டை எடுத்துவிட்டு, அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் புதிதாக ஒன்று வெட்டினார். இதில் ஒரு சூட்சுமம். லென்ஸ் எதையும் தலைகீழாகவும் இடம் வலம் மாற்றியும்தான் சுவரில் போடும். சுவரில் மேலே வெளிச்சம் வரக்கூடாதென்றால் தகட்டைக் கீழே வைக்க வேண்டும். சுவரில் இடப்பக்கம் ஏற வேண்டுமென்றால் தகட்டின் வலப்பக்கத்தைத் தாழ வெட்ட வேண்டும். முதலில் கடினத் தாளில் வெட்டி வெட்டிப் பார்த்து, ஒன்பதாவது தாளில் சரியாக வந்ததைத் தகட்டில் வெட்டியிருக்கிறார். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால்கூடச் சுவரில் அது பல்லாகத் தெரிகிறது. நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வழுக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. கண் வாங்கியது, இமை நம் கையால் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வீடு. விளக்கைத் தாங்கும் கூடும் முன்மூடியும். நம் ஊர் வெயிலும் மழையும் இங்கேதான் வேலையைக் காட்டுகின்றன. முப்பரிமாண அச்சில் எளிதாக வார்க்கக்கூடிய பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். விளக்கு அரை பாகை தொங்கினாலும் கோடு இடம் மாறிவிடும். அதனால் இன்னும் சூடு தாங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கூடு.

எல்இடி சூடாகாது என்பதும் பாதி உண்மைதான். அது முன்பக்கம் சூட்டை வீசாது. ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது, அதுவும் பின்பக்கமாக. 10 வாட் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். நகத்தளவு இடத்தில் அது தேங்கினால் எல்இடி மங்கி, ஆயுளும் குறையும். அலுமினியத் துடுப்புகள் உள்ள தகட்டை முதுகில் ஒட்டி, அந்தத் துடுப்புகள் கூட்டுக்கு வெளியே காற்றுப் படும்படி வைத்திருந்தார்கள். மின்சாரத்தையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். எல்இடியில் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் மின்னோட்டம் பல மடங்கு ஏறிவிடும். அதனால் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் சிறு சுற்று ஒன்று தனியாக இருக்கிறது.

முன்மூடிக்கு முதலில் பாலிகார்பனேட் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் முகமறைப்பு செய்யும் அதே பொருள். கல்லடி தாங்கும். ஆனால் அடுப்பில் வைத்து இளக்கியபோது தகடு முழுக்கக் குமிழி. பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். இளக்குவதற்கு முன் 120 பாகையில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். பட்டறையில் இருந்ததோ ரொட்டி சுடும் அடுப்பு. அதில் அவ்வளவு நேரம் சூட்டை ஒரே அளவில் நிறுத்தி வைக்க முடியாது. எனவே அக்ரிலிக். அது அடி பட்டால் உடையும். ஆனால் தெளிவானது, வெயிலில் மஞ்சளாகாது. 160 பாகை வரை இளக்கி, மர அச்சின் மேல் போர்த்தி, கீழிருந்து வீட்டுத் தூசி உறிஞ்சியால் காற்றை இழுத்து வடிவத்துக்குக் கொண்டு வந்தார்கள். உடற்கூட்டுக்காரர்கள் ஆசைப்பட்ட புலிக்கண் வடிவம் கிடைத்தது. உள்ளே உட்கார்ந்திருப்பதோ உருண்டையான சாதுக் கண்.

எல்லாவற்றையும் இறுக மூடிவிட்ட மறுநாள் சாயங்கால மழைக்குப் பிறகு மூடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. விளக்கு எரியும்போது உள்ளே காற்று விரியும், மழை பட்டுக் குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது எங்கிருந்தாவது ஈரக் காற்றை இழுத்துக்கொள்ளும். கடையில் வரும் கார் விளக்குகளில்கூட அதற்காகத்தான் பின்னால் மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். இவர்களும் நீர் புகாமல் காற்று மட்டும் போய்வரும் சவ்வு ஒட்டி ஒரு துளை வைத்தார்கள்.

லோரிக்காரரின் கண்

மூன்றாம் முறை நான் போனபோது தங்கையின் அப்பாவும் வந்திருந்தார். கோலாலம்பூருக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே லோரி ஓட்டுபவர். பெரும்பாலும் இரவில். மகளை ஏற்றிப்போக வந்தவர் பட்டறை வாசலிலேயே நின்றார். அவருக்கு இந்த வேலையில் பெரிய மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

“காரு செய்யுறோம்னு சொல்லுச்சு. சரின்னேன். என்னம்மா செய்யுறன்னு கேட்டா லைட்டுன்னு சொல்லுது. லைட்டு வேலைதானா? அதுக்கா ராத்திரி ராத்திரி முழிக்குது? இதுக்கு மார்க்கும் கிடையாதாம், தங்கச்சி” என்றார் என்னிடம்.

அன்றுதான் விளக்கை நிலைப்படுத்தும் வேலை. காரை வாகன நிறுத்துமிடத்தின் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி, சமதரையில் நிறுத்தினார்கள். விளக்கு மையத்தின் உயரம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர். அதே உயரத்தில் சுவரில் நாடா ஒட்டினார்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு நாடா. லோ பீமின் கோடு இந்த இரண்டாம் நாடாவில் விழ வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் தாழ்வு என்பது கணக்கு. அப்படியானால் அந்தக் கோடு 60 மீட்டரில் தரையைத் தொடும்.

கோட்டை நாடாவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் கைதட்டவில்லை. விறுவிறுவென்று காருக்கு முன்னால் நடந்து போனார். சற்றுத் தள்ளிப் போய், திரும்பி, குனிந்து, ஒரு சின்னக் காரில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்குத் தலையை இறக்கினார். பிறகு நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்தார்.

“ரெண்டு பேரு பின்னாடி உக்காருங்க” என்றார். அந்தக் காரில் ஒருவர்தான் உட்கார முடியும். பெட்டி வைக்கும் இடத்தில் இரண்டு மணல் பையை வைத்தார்கள். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டது. “இப்ப வந்து பாரும்மா” என்று மகளைக் கூப்பிட்டார்.

போய்க் குனிந்து பார்த்த மகள் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன். சுவரில் சாதுவாக இருந்த கோடு இங்கே முகத்தில் அடித்தது.

கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. விளக்கு ஒரே ஒரு பாகை மேலே தூக்கினால் 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். சாலையைப் பார்க்க வேண்டிய கோடு எதிர்க் காரில் இருப்பவரின் நெஞ்சு உயரத்துக்கு வந்து, இன்னும் கொஞ்ச தூரத்தில் கண்ணுக்கு ஏறிவிடும். பின்னிருக்கையில் மூன்று பேரும் பெருநாள் சாமான்களும் ஏறிய நம் குடும்பக் கார்களில் நடப்பது இதுதான்.

அண்ணன் பேசிக்கொண்டே போனார். “தஞ்சோங் மாலிம் தாண்டினா ரோட்டுல லைட் கம்மி. எதிர்ல வர்றவன் ஹை பீம் போட்டா மூணு நாலு செகண்டுக்கு ஒண்ணும் தெரியாது. வயசு ஏற ஏற அது இன்னும் கூடுது. நான் இடப்பக்கம் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் புடிச்சுக்குவேன். எதிர்ல வர்றதக்கூட சமாளிச்சிடலாம். பின்னால ஒட்டிக்கிட்டு வர்றான் பாருங்க, அது கண்ணாடியில விழுந்து கண்ணுக்குள்ளயே நிக்கும். மழ பேஞ்சா சொல்லவே வேண்டாம்.”

மழையில் அவர் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ஈரச் சாலை கண்ணாடி போலாகிவிடும். நம் விளக்கின் வெளிச்சம் நமக்குத் திரும்பி வராமல் முன்னால் வழுக்கிப் போய்விடும். எதிர் வண்டியின் வெளிச்சம் சாலையில் பட்டு நம் கண்ணுக்கு வரும். நம் பாதை இருட்டாகவும் அவர் விளக்கு இரட்டையாகவும் தெரிவது அதனால்தான்.

மகள் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். அன்றிரவே விளக்குக் கூட்டின் பின்னால் ஒரு திருகு சேர்ந்தது. சுமை ஏறினால் விளக்கைத் தாழ்த்திக்கொள்ள. அதன் எடை 18 கிராம். குழுத் தலைவர் தராசில் வைத்துப் பார்த்தார். எல்லாம் சேர்த்து 940 கிராம். ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். போட்டியின் சோதனை இன்னும் சில மாதத்தில். தேறுமா தேறாதா என்பது அப்போது தெரியும். டார்ச் லைட் பேச்சு மட்டும் அன்றோடு நின்றுவிட்டது.

மார்க் இல்லாத வேலை

அந்த அண்ணன் கேட்ட மார்க் கேள்வியை நம் பெற்றோர் பலரும் கேட்கிறார்கள். என் நிகழ்ச்சியிலேயே கேட்டிருக்கிறார்கள். தவறான கேள்வி இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைப்பவருக்கு மகளின் இரவுத் தூக்கமும் தேர்வு முடிவும் கவலைதான். பாடத்தை விட்டுவிட்டுப் பட்டறையில் கிடந்து ஒரு பருவத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்து நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பெண் ஐந்து வாரத்தில் கற்றதை எந்தத் தேர்வுத்தாளில் கேட்பார்கள்? ஒளியியல், வெப்பம், மின்சுற்று, பொருள்களின் குணம், எடைக் கணக்கு எல்லாம் இரண்டு கைப்பிடி அளவுள்ள ஒரு பொருளுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. வேலைக்குப் போன பிறகு எல்லாருக்கும் நடப்பதும் அதுதான். இன்னொன்றும் இருக்கிறது. மோட்டாரும் இருக்கையும் காரில் உட்கார்ந்திருப்பவருக்காக. விளக்கைச் செய்பவர் மட்டும் எதிரே வரப்போகிற, பெயர் தெரியாத ஒருவரின் கண்ணையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. யாரும் கை தூக்காத வேலைகளில் பல இப்படிப்பட்டவைதான்.

கடைசியாக, கார் வைத்திருக்கும் நமக்கு. ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் வெள்ளை வெளேரென்று எரியும் எச்ஐடி அல்லது எல்இடி பல்பை வாங்கி மாட்டுபவர்கள் நம்மில் நிறைய. குழிந்த கண்ணாடி, ஹாலஜன் இழை இருக்கும் அந்த ஒரு இடத்துக்காக வடிவமைத்தது. ஒளி பிறக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலும் கோடு கலைந்துவிடும். மாட்டியவருக்குத் தன் காருக்கு முன்னால் வெளிச்சம் கூடியதாகத் தோன்றும். கூடியதில் ஒரு பங்கு எதிரே வரும் அந்த லோரிக்காரரின் கண்ணில் இருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகா இதற்கு அபராதம் போடுவதும் அதனால்தான்.

உங்கள் காரிலும் பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு, சமதரையில், ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுமட்டத்தை அளந்து சுவரில் குறியுங்கள். லோ பீமைப் போடுங்கள். வெளிச்சம் வெட்டுப்படும் கோடு அந்தக் குறிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழேயோ, அதைவிடச் சற்று மேலேயோ இருக்கலாம். ஆனால் குறிக்கு மேலே ஏறியிருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் பட்டறையில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். சில நிமிட வேலைதான். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கும். பின்னால் ஆளும் சுமையும் ஏறும்போது விளக்கைத் தாழ்த்துவதற்கென்றே வைத்தது அது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாமல் 0-விலேயே கிடக்கும். இந்த வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் அதை ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.